ஆர்மோனியத்தின் வனவாசம்

ராமருக்கு 14 வருஷம். பாண்டவர்களுக்கு அஞ்ஞாதவாசத்தையும் சேர்த்து 13. ஆர்மோனியப் பெட்டிக்கு 31. 1940 மார்ச் 1-ஆம் தேதி அகில இந்திய வானொலி அதை வெளியே போகச் சொன்னது. 1971-ல்தான் உள்ளே வரச் சொன்னது. அப்போதும் பட்டாபிஷேகம் எல்லாம் இல்லை. பக்கவாத்தியமாக ஓரமாய் உட்கார்ந்துகொள், பேச்சைக் குறை என்று ஒரு நிபந்தனை.

ராமரைக் காட்டுக்கு அனுப்ப ஒரு கைகேயி போதுமாக இருந்தது. ஆர்மோனியத்துக்கு ஓர் ஆங்கில இசையமைப்பாளர், ஒரு நோபல் பரிசுக் கவிஞர், லண்டனிலிருந்து வந்த ஓர் அதிகாரி என்று கூட்டணியே தேவைப்பட்டது. அவ்வளவு பேர் சேர்ந்து துரத்தும்படி அந்த மரப்பெட்டி என்ன செய்துவிட்டது என்பதைச் சொல்வதற்குமுன், இந்த நாட்டில் மனுஷக் குரல் கம்பியில்லாமல் கிளம்பிய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சென்னையில் அதைத் தொடங்கிவைத்தவர் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்ற எஞ்சினியர். 1924-ல் சென்னை மாகாண ரேடியோ கிளப் என்று ஒன்றை ஆரம்பித்து, ஜூலை 31-ஆம் தேதி ஒலிபரப்பையும் தொடங்கிவிட்டார். சங்கீதம், சொற்பொழிவு என்று மூன்று வருஷம் ஓடியது. 1927-ல் கையிலிருந்த பணம் தீர்ந்தது. டிரான்ஸ்மிட்டரை என்ன செய்வது? கார்ப்பரேஷனிடம் ஒப்படைத்தார்கள். 1930 ஏப்ரல் முதல் கார்ப்பரேஷனே ஒலிபரப்பியது. சாக்கடை, கொசு, சொத்துவரி, சங்கராபரணம் எல்லாம் ஒரே அலுவலகத்தின் பொறுப்பில் இருந்த பொற்காலம் அது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். மாலையில் காற்று வாங்கப் போன ஜனங்கள் கச்சேரியும் வாங்கிக்கொண்டு வந்தார்கள், இரண்டும் இலவசம்.

பம்பாயில் 1927-ல் பெரிய முதலாளிகள் சேர்ந்து தொடங்கிய கம்பெனியின் கதி இன்னும் மோசம். வைஸ்ராய் இர்வின் வந்து திறந்துவைத்த கம்பெனி, மூன்று வருஷத்துக்குள் திவால். ரேடியோ வைத்திருப்பவர்கள் வருஷம் 10 ரூபாய் லைசென்ஸ் கட்ட வேண்டும். நாடு முழுக்கக் கட்டியவர்கள் எட்டாயிரத்தைத் தொடவில்லை. கட்டாமல் கேட்டவர்கள் எத்தனை பேர் என்பது அவரவர் மனசாட்சிக்கும் மொட்டைமாடி ஏரியலுக்கும்தான் வெளிச்சம். அரசாங்கம் வேறு வழியில்லாமல் எடுத்து நடத்தி, அதற்கு ‘இந்தியன் ஸ்டேட் பிராட்காஸ்டிங் சர்வீஸ்’ என்று பெயர் வைத்தது. அறிவிப்பாளர் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நிகழ்ச்சி பாதி முடிந்துவிடும்.

1935-ல் பி.பி.சி.யிலிருந்து லயனல் ஃபீல்டன் வந்து சேர்ந்தார். டெல்லி செக்ரடேரியட்டைக் கண்டாலே அவருக்கு ஆகாது. செக்ரடேரியட்டுக்கும் அவரைக் கண்டால் ஆகாது. அவர் சாதித்த முதல் காரியம் அந்தப் பெயரை மாற்றியது. எப்படி மாற்றினார் என்பதை அவரே சுயசரிதையில் கூச்சமில்லாமல் எழுதியிருக்கிறார். ஃபைல் போட்டால் பத்து வருஷம் ஆகும் என்று தெரிந்த மனுஷன், ஒரு விருந்து முடிந்ததும் வைஸ்ராய் லின்லித்கோவை ஓரமாய் மடக்கினார். முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, பெரிய சிக்கலில் இருப்பதாகவும் துரைதான் யோசனை சொல்ல வேண்டும் என்றும் ஆரம்பித்தார். இந்தப் பெயர் வாயில் நுழையவில்லை, ‘பிராட்காஸ்டிங்’ என்ற சொல் இந்தியர்களுக்குக் கஷ்டம், பொதுவாக ஏதாவது இருந்தால் தேவலை என்று இழுத்தார். வைஸ்ராய் யோசித்து “ஆல் இந்தியா?” என்றார். ஆஹா என்று ஃபீல்டன் அசந்துபோனார். அடுத்த சொல்? மறுபடி யோசனை. “ரேடியோ?” பிரமாதம்! சுருக்கினால் ‘ஏர்’, காற்று என்று வேறு வருகிறதே! பெயரைத் தானே கண்டுபிடித்ததாக வைஸ்ராய் நம்பிக்கொண்டு படுக்கப் போனார். 1936 ஜூன் 8 முதல் அதுதான் பெயர். சர்க்கார் ஆபீசில் வேலை பார்த்த எவருக்கும் இந்த வித்தை புதிதல்ல. நம் யோசனை மேலதிகாரிக்கு உதித்ததாக ஆனால்தான் கையெழுத்து விழும்.

டெல்லி நிலையத்துக்கு அவர் பொறுக்கிய ஆள் சுல்ஃபிகார் அலி புகாரி. கொஞ்ச நாளில் அண்ணன் அகமது ஷா புகாரியும் உள்ளே வந்தார். இவர் பத்ரஸ் என்ற பெயரில் உருதுவில் சிரிக்கச் சிரிக்க எழுதியவர். அண்ணனும் தம்பியும் மேல் நாற்காலிகளில் அமர்ந்ததும், இதுதான் இந்தியாவின் பி.பி.சி., அதாவது புகாரி பிரதர்ஸ் கார்ப்பரேஷன் என்று ஊர் சிரித்தது. ஃபீல்டனுக்குப் பிறகு அண்ணன்தான் மொத்த வானொலிக்கும் தலைவரானார். நகைச்சுவை எழுத்தாளரிடம் ஓர் அரசு இலாகாவையே கொடுத்தது அப்போது நடந்தது. பிற்பாடு சிரிக்கவைக்கும் கடமையை இலாகாக்கள் ஆள் வைக்காமல் தாமே செய்யப் பழகிவிட்டன.

இப்போது பெட்டிக்கு வருவோம்.

டெல்லி வானொலியில் மேல்நாட்டு இசைக்குப் பொறுப்பாளராக ஜான் ஃபோல்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் இருந்தார். லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நூற்றுக்கணக்கானவர்களைப் பாடவைத்த பெரிய இசையமைப்பாளர். இந்திய சங்கீதத்தில் மோகம் கொண்டு இங்கே வந்தவர், இங்கே வந்து பார்த்தால் மூலைக்கு மூலை ஐரோப்பாப் பெட்டி! 1938-ல் வானொலியின் பத்திரிகையான ‘இந்தியன் லிசனர்’-இல் ஆர்மோனியத்துக்கு எதிராக ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பிலேயே சிலேடை: ஆர்மோனியம் என்ற ஆங்கில எழுத்துகளைக் கொஞ்சம் கலைத்துப்போட்டு, ‘சர்வ கேடு’ என்று பொருள் வரும்படி செய்திருந்தார். தடை வந்த நாளைப் பார்க்க அவர் இருக்கவில்லை. 1939-ல் கல்கத்தாவில் காலரா கொண்டுபோய்விட்டது. பிறகு, தடைக்கு முன்பாக, தாகூர், சாந்திநிகேதனிலிருந்து அதை என்றோ துரத்திவிட்டோம், நீங்களும் துரத்துங்கள் என்று கல்கத்தா நிலையத்துக்குக் கடிதம் எழுதினார். வெள்ளைக்காரரும் தேசியவாதியும் 1940-ல் ஒன்றாகக் கையெழுத்துப் போடத் தயாராக இருந்த விஷயம் இந்தியாவில் இது ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆர்மோனியத்தில் ஒவ்வொரு ஸ்வரமும் ஒரு நாக்குத் தகடு. கட்டையை அமுக்கினால் அந்த ஸ்வரம், விட்டால் மௌனம். இரண்டுக்கும் நடுவே இருக்கிற இடத்துக்கு அதில் வழியில்லை. நம் சங்கீதமோ அந்த நடு இடத்தில்தான் குடும்பம் நடத்துகிறது. தோடியின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்காது. ஆடிக்கொண்டே இருப்பதுதான் அதன் இருப்பு. அதை ஆர்மோனியத்தில் கொண்டுவரப் பார்ப்பது, படிக்கட்டில் சறுக்குமரம் விளையாடுகிற மாதிரி. போய்ச் சேரலாம், ஆனால் வலிக்கும்.

சரி, வெளிநாட்டு வாத்தியம் என்பதுதான் குற்றமென்றால் பிடில்? அதுவும் கப்பலில் வந்ததுதான். பாலுசுவாமி தீட்சிதர் காலத்திலேயே உள்ளே நுழைந்து, வித்வானுக்குப் பக்கத்தில் நிரந்தர இடம் பிடித்துவிட்டது. அது வழுக்கும், வித்வான் போகிற வழியிலெல்லாம் கூடவே வழுக்கிக்கொண்டு வரும். ஆர்மோனியத்துக்கு அந்தச் சாமர்த்தியம் போதவில்லை. ஆக, வந்தேறி என்று காரணம் எழுதினாலும் உண்மையான புகார் வளைந்துகொடுக்கவில்லை என்பதுதான். சர்க்காரில் இது அபூர்வமான புகார் அல்ல.

இந்த நியாயமெல்லாம் தமிழ்நாட்டில் நாடகக் கொட்டகையின் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியாது. ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடியவிடிய நடக்கிற ஸ்பெஷல் நாடகம். மைக் கிடையாது. கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமானால் ராஜபார்ட் அடிவயிற்றிலிருந்து எடுத்துத் தலைக்குமேலே போட வேண்டும். அங்கே தம்புராவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதன் சத்தம் மேடையையே தாண்டாது. பெட்டி ஒன்றுதான் தாண்டும். மேடை ஓரத்தில் ஆர்மோனியக்காரர் உட்கார்ந்து சுருதி கொடுப்பார், நடிகர் மூச்சு வாங்கும்போது இட்டு நிரப்புவார், தொண்டை கட்டிவிட்டால் தாமே பின்பாட்டுப் பாடி மானத்தைக் காப்பாற்றுவார். நாடக நடிகர் கிட்டப்பாவின் குரலுக்குச் சொத்தை எழுதிவைக்கத் தயாராக இருந்த ரசிகர்களுக்கும், பக்கத்தில் பெட்டியோடு அவருடைய அண்ணன் காசி ஐயர் இருந்தது தெரியும். காதர் பாட்சாவின் வாசிப்புக்கென்றே டிக்கெட் எடுத்தவர்கள் உண்டு. இப்படிப்பட்ட பெட்டியைத்தான் டெல்லியிலிருந்து வந்த ஒரு சுற்றறிக்கை, எழும்பூர் மார்ஷல்ஸ் ரோட்டு நிலையத்தின் வாசலிலேயே நிறுத்திவைத்தது.

வெள்ளைக்காரன் போனான், தடை போகவில்லை. 1952-ல் பி.வி. கேஸ்கர் ஒலிபரப்பு மந்திரியானார். பாரிஸில் டாக்டர் பட்டம் வாங்கியவர், சாஸ்திரிய சங்கீதத்தில் ஊறியவர், ஜனங்களின் காதைத் திருத்தியே தீர்வது என்று உட்கார்ந்தவர். பத்து வருஷம் திருத்தினார். வித்வான்களுக்குத் தேர்வு வைத்து கிரேடு போடும் ஏற்பாட்டை இறுக்கினார். தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த பெரியவர்களைத் திடீரென்று பரீட்சைக்கு உட்காரச் சொன்னால் கோபம் வராதா? வந்தது. ஆனால் கிரேடு நின்றுவிட்டது. இன்றும் சபா அழைப்பிதழில் வித்வானின் பெயருக்குக் கீழே ‘வானொலி ஏ கிரேடு’ என்று போடாவிட்டால், சாம்பாரில் பருப்பு இல்லாத மாதிரி இருக்கிறது.

கேஸ்கருக்கு ஆர்மோனியத்தைவிடப் பெரிய எதிரி சினிமாப் பாட்டு. அதைக் குறைத்தார், மிச்சத்துக்கும் படத்தின் பெயரைச் சொல்லக் கூடாது, சொன்னால் அது விளம்பரம் என்றார். பட முதலாளிகள், படப்பெயர் இல்லையென்றால் பாட்டும் இல்லை என்று உரிமையைப் பிடுங்கிக்கொண்டார்கள். வானொலியில் சினிமாப் பாட்டு நின்றது. அந்த இடத்தை நிரப்ப நிலையங்களே சுத்தபத்தமாக மெல்லிசைப் பாடல்களைத் தயாரித்தன. நல்ல பாடல்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை. கத்தரிக்காய் வறுவல் கேட்டவனுக்குக் கஷாயம் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

கொழும்பு அப்போதுதான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கொழும்பு வானொலியின் ஜாதகமே வேடிக்கையானது. இருபதுகளில் எட்வர்ட் ஹார்ப்பர் என்ற எஞ்சினியர், முதல் உலகப்போரில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் கருவிகளைக் கழற்றி ஒலிபரப்பைத் தொடங்கினார். இரண்டாம் போரில் நேச நாட்டுச் சிப்பாய்களுக்குப் பாட்டுப் போட அங்கே ஒரு பிரம்மாண்டமான சிற்றலை டிரான்ஸ்மிட்டரை நட்டார்கள். போர் முடிந்ததும் சிப்பாய்கள் போனார்கள், டிரான்ஸ்மிட்டர் இருந்தது. ஒன்றைச் சண்டை கொடுத்தது, இன்னொன்றையும் சண்டை கொடுத்தது. பாட்டை மட்டும் டெல்லி கொடுத்தது.

1952 டிசம்பர் 3-ஆம் தேதி ‘பினாகா கீத்மாலா’ தொடங்கியது. பம்பாயில் பதிவான பாட்டு. பம்பாயில் உட்கார்ந்து அமீன் சயானி பேசியது. விளம்பரம் செய்தது பற்பசை. டேப்பை விமானத்தில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து சிற்றலையில் ஏறி, பாஸ்போர்ட் இல்லாமல் கடலைத் தாண்டி, மறுபடி பம்பாய்க்கே வந்து ஜனங்களின் வீட்டுக்குள் பாடும். பக்கத்துத் தெருவுக்குப் போக வேண்டிய பாட்டு தனுஷ்கோடியைச் சுற்றிக்கொண்டு போன அந்த வருஷங்களில், பல் தேய்த்தவர்களும் தேய்க்காதவர்களும் புதன்கிழமை ராத்திரி ரேடியோவை விட்டு நகரவில்லை.

தமிழ்நாட்டுக்கோ கொழும்பு பக்கத்து வீடு. எஸ்.பி. மயில்வாகனனின் குரல் வந்தால், நம் வீட்டுக் கூடத்தில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். சென்னையின் அறிவிப்பாளரோ சட்டைப் பட்டனெல்லாம் போட்டுக்கொண்டு பேசுவார். குரலிலேயே அது தெரியும். பிற்பாடு கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத், ‘பொங்கும் பூம்புனல்’, ‘பாட்டுக்குப் பாட்டு’ என்று ஒரு தலைமுறையே அங்கே காதைக் கொடுத்துவிட்டது. போஸ்டாபீசில் கட்டிய லைசென்ஸ் பணம் டெல்லிக்கு, காது கொழும்புக்கு. ராஜா, ஹமீத் காலத்துக்கு முன்பே டெல்லி இறங்கி வந்துவிட்டது. 1957 அக்டோபரில் விவித பாரதி பிறந்தது, சினிமாப் பாட்டு முன்வாசல் வழியாகவே திரும்பியது.

இதில் யாரும் கவனிக்காத ஒரு சங்கதி உண்டு. அந்தப் பாட்டுகளுக்கெல்லாம் மெட்டுப் போட்டது எதை வைத்து? மியூசிக் டைரக்டர் மடியருகே ஆர்மோனியம் இல்லாத புகைப்படத்தைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். எம்.எஸ். விஸ்வநாதன் என்றாலே பெட்டிமேல் ஓடுகிற விரல்தானே கண்முன் வருகிறது. பெட்டியை வாசலில் நிறுத்திவிட்டு, அது பெற்ற பிள்ளைகளை ‘நேயர் விருப்பம்’ என்று கூப்பிட்டு உட்காரவைத்தார்கள்.

இன்னொன்று அதைவிட விசேஷம். அந்த 31 வருஷமும் வானொலி நிலையத்துக்குள் போன ஒவ்வொரு பாடகரிடமும் தம்புராக்காரர் கேட்டிருக்கக் கூடிய முதல் கேள்வி, “என்ன சுருதிங்க?” என்பது. பாடகர் சொல்வார்: “ஒண்ணரைக் கட்டை.” பெண்கள் என்றால் ஐந்து, ஐந்தரை. கட்டை என்பது என்ன? ஆர்மோனியத்தின் கட்டை! வெள்ளைக் கட்டை முழு எண், கறுப்புக் கட்டை அரை. பெட்டியை வெளியே தள்ளினார்கள், அதன் அளவுகோலை உள்ளே வைத்துத்தான் தினமும் வானத்தைத் திறந்தார்கள். இதில் சந்தேகம் இருந்தால் எந்தப் பாடகரையாவது மூன்றரைக் கட்டையில் பாடச் சொல்லிப் பாருங்கள். முறைப்பார். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே பெட்டியில் கறுப்புக் கட்டை கிடையாது. அதனால் தமிழ்நாட்டில் மூன்றரைக் கட்டைக் குரலோடு ஒருவரும் பிறந்ததில்லை.