பெரிய கிளாக்கர் கார்

பதுளைப் பக்கத்தில் பழைய காருக்குப் பெயிண்ட் அடிப்பார்கள், சுரண்ட மாட்டார்கள். சுரண்டினால் அடியில் கார் இருக்குமா என்கிற நியாயமான பயம்தான் காரணம். 1960களில் இலங்கையில் அந்நியச் செலாவணி இல்லையென்று கார் இறக்குமதியை இறுக்கினார்கள். 2020 மார்ச்சில் மறுபடியும் கதவைச் சாத்தி, 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். இப்படிப்பட்ட நாட்டில் ஒரு கார் நிம்மதியாகச் சாகக்கூட முடியாது. துருப்பிடித்தால் பட்டி, பட்டி வெடித்தால் பெயிண்ட், வீட்டில் கல்யாணம் வந்தால் இன்னொரு பெயிண்ட்.

இந்த மரபை உடைக்கக் கிளம்பியவர் என் மச்சான். தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஒருவரிடமிருந்து பல கை மாறி அவரிடம் வந்து சேர்ந்தது ஒரு மொரிஸ் மைனர். “ஒரிஜினல் கலரைப் பார்க்காம விடமாட்டேன்” என்று ஹாலிஎலயில் ஒரு டிங்கர் பாஸைப் பிடித்தார். பாஸுக்கு எழுபது தாண்டிய வயது. காரை ஒரு சுற்று சுற்றிவந்து, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கதவடியில் வைத்தார். விழுந்தது. மட்கார்டில் வைத்தார். விழுந்தது. கூரையில் ஒட்டியது. “கூரை மட்டும் கார்தான் தம்பி” என்றார்.

மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. உடல் தகடுதான் எலும்பும். அதனால் துரு எங்கே என்று தெரிந்தே ஆகவேண்டும். மணல் பீய்ச்சினால் மெல்லிய தகடு நெளியும், புளோ லாம்பும் அப்படித்தான். காஸ்டிக் சோடா மலிவு. ஆனால் ஒரு தோட்டத்து லேன்ட் ரோவருக்கு அதைப் பூசியவர் கதை இந்தப் பக்கம் பிரசித்தம். லேன்ட் ரோவரின் உடல் அலுமினியம். சோடா பெயிண்டைத் தின்றுவிட்டு, பசி அடங்காமல் தகட்டையும் தின்ன ஆரம்பித்ததாம். ஆக பெயிண்ட் ரிமூவர்தான் என்று முடிவாயிற்று.

அதற்கும் காலநேரம் உண்டு. ஐப்பசி மழையில் தகட்டை வெறுமனே விட்டால் விடிவதற்குள் செம்மண் நிறம் கட்டும். ஆடியில் தொடங்கினோம். தேயிலைக்கு வாசனை ஏற்றி ஊவாவுக்கு உலகப் பெயர் வாங்கித் தருகிற அதே காய்ந்த காற்று, ரிமூவர் தகட்டைத் தொடுவதற்கு முன்பே அதை உலர்த்திவிடுகிறது. கொழும்பு ஏலத்தில் விலை ஏறட்டும் என்று காற்றை மன்னித்து, பூசிய கையோடு பொலித்தீன் போர்த்தினோம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும், காயவிட்டுத் தேய்த்தால் தூசி நெஞ்சுக்குள் போகும் என்று பாஸ் எச்சரித்தார், வாயில் பீடியோடு.

அரை மணி நேரத்தில் பெயிண்ட் சுருங்கி, கொப்புளித்து எழும்பியது. சுரண்டியை வைத்துத் தள்ளினால் நாடா நாடாவாகச் சுருண்டு வந்தது. மேலே வெள்ளை, அடுத்து பஸ்ஸுக்கு அடிக்கிற சிவப்பு, அதற்கடியில் கொழுந்து லொறிப் பச்சை.

பிறகு பொனட். மைனரின் பொனட் நடுவில் ஒரு மேட்டுப் பட்டை ஓடவேண்டும். கார் ஒடுக்கமாகத் தெரிகிறதே என்று, வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ், மாதிரி வண்டியை நெடுக்காக அறுத்து, பாதிகளைத் தள்ளிவைத்துப் பார்த்தார். 4 அங்குலம் அகலம் கூடியதும் திருப்தியானார். அந்த 4 அங்குலம்தான் பட்டை. 1948-இல் லண்டன் கண்காட்சிக்கு வந்த காரிலும் அது இருந்தது. எங்கள் காரில் இல்லை. முன்னே எவரோ அதை விபத்தில் வந்த மேடு என்று நினைத்து, இரண்டு பக்கமும் பட்டி பூசி அழகாகச் சமப்படுத்தியிருந்தார். அந்த வேலையின் நேர்த்தியைப் பார்த்தபோது எனக்கு உடைக்க மனம் வரவில்லை.

பச்சைக்குக் கீழே வந்தது ஊதா.

மச்சான் சுரண்டியைப் பிடுங்கிக்கொண்டார். “யாரும் தொடாதீங்க!” விஷயம் இதுதான்: பிரித்தானியாவில் 10 லட்சத்தைத் தொட்ட முதல் கார் மொரிஸ் மைனர். அதைக் கொண்டாட 1961-இல் வெளிர் ஊதாவில் 350 கார்கள் விட்டார்கள். அதில் ஒன்று பதுளையில் இருந்தால்? மச்சான் முகத்தில் வீடு, காணி, மகளின் வெளிநாட்டுப் படிப்பு எல்லாம் வரிசையாக ஓடின. அந்தக் காருக்குச் சீட் வெள்ளைத் தோல் என்றேன். எங்களுடையது கபில நிற ரெக்சின். “மாத்தியிருப்பாங்க.” பக்கத்தில் 1000000 என்று எழுத்து பதித்திருக்கும் என்றேன். “கழட்டி வித்திருப்பாங்க. நம்ம ஆளுங்களைத் தெரியாதா?” தொண்ணூறுகளில் மைனருக்கான தகடுகளை இலங்கையிலேயே அடித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள், அதை வாங்கிய வெள்ளைக்காரர்கள் இதைக் கேள்விப்பட்டால் வந்து நிற்பார்கள் என்றும் சொன்னார்.

பாஸ் தேத்தண்ணியை வைத்துவிட்டு வந்து, ஊதாவை நகத்தால் கீறிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

“இது நான் அடிச்சதுப்பா” என்றார். “தோட்டத்து ஸ்டோர்ல மெரூன் கொஞ்சம், நீலம் கொஞ்சம் மிஞ்சிக் கெடந்துச்சு. பெரிய கிளாக்கர் ஐயா காசு குடுக்க மாட்டேன்னுட்டாரு. ரெண்டையும் ஒரே டின்னுல கலக்கி அடிச்சேன். ஐயா வீட்டு அம்மா ஒரு மாசம் இந்தக் கார்ல ஏறல.”

மச்சான் பேசவில்லை. பாஸ் அவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கலர் புடிச்சிருக்கா தம்பி? கலக்குற அளவு இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு.”