பழைய வில், புது நாண்

கேள்வி: 1960களில் அமெரிக்காவின் கிரேலிங்கில் தயாரான ஃப்ரெட் பேர் ரிகர்வ் வில் கிடைத்திருக்கிறது. அம்பு விடலாமா?

பதில்: வில் முறிந்ததும் மாலை விழுந்தது ராமருக்கு மட்டும்தான், நமக்குத் தையல்தான் விழும்! பஞ்சு உருண்டையால் மேல், கீழ்ப் பட்டைகளை நீளவாக்கில் தடவுங்கள். பஞ்சு சிக்கும் இடத்தில் கண்ணாடியிழை சிலும்பியிருக்கிறது. மரத்தோடு அது ஒட்டிய இடத்தில் நகம் நுழைந்தால், வில் சுவரில் மாட்டத்தான். வார்னிஷில் மட்டும் மயிரிழைக் கோடுகள் என்றால் பயமில்லை. நாணேற்றி நுனியிலிருந்து பாருங்கள். நாண் பட்டைக்கு நடுவில் ஓட வேண்டும். நாண் புதிதாக இருக்கட்டும், ஆனால் டேக்ரான்தான். நீளாத நவீன நாண் பழைய நுனிகளைப் பிளந்துவிடும். சில மணி நேரம் அப்படியே விட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மெதுவாகத் தளர்த்துங்கள். அம்பில்லாமல் நாணைச் சுண்டி மட்டும் விடாதீர்கள்.