மத்தியதரைக் கடல், வழி: கடலூர் ரோடு

பெறுநர்:
ஊருக்கு அயல்நாட்டுப் பெயர் சூட்டும் அதிகாரி அவர்கள்,
புதுச்சேரி.

பொருள்: பாரடைஸ் தீவுக்கு ஒரு நாள் பயணம் – திட்டம் சமர்ப்பித்தல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

பாரடைஸ் பீச் என்பது சுண்ணாம்பாறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ள மணல்திட்டு. நகரிலிருந்து கடலூர் ரோட்டில் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் போய், நோணாங்குப்பம் போட் ஹவுஸில் படகேறினால் அரை மணிக்குள் சேர்ந்துவிடலாம். படகில் போய் இறங்குவதால் பயணிகள் இதைத் தீவு என்கிறார்கள். 'பிளாஜ் பாரடிசோ' என்றும் ஒரு பெயர் உண்டு. அதில் முன்பாதி பிரெஞ்சு, பின்பாதி இத்தாலியம். மணல் மட்டும் செஞ்சிப் பக்கத்திலிருந்து ஆறு அடித்துக்கொண்டு வந்தது.

பாரடைஸ் என்ற சொல்லின் மூலம் பழைய ஈரானிய மொழி. மதில் சூழ்ந்த தோட்டம் என்பது பொருள். மேற்படி திட்டில் மதிலும் இல்லை, தோட்டமும் இல்லை என்பதைப் பெயர் சூட்டியபோது அலுவலகம் கவனித்திருக்கலாம். பக்கத்திலேயே, சின்ன வீராம்பட்டினத்தில், 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்ற ஈடன் பீச் இருக்கிறது. ஆதாம் ஏவாளை விரட்டிவிட்ட தோட்டம் ஒருபுறம், நல்லவர்கள் செத்தபின் போகும் இடம் மறுபுறம், நடுவில் வலை காயும் குப்பங்கள். சொர்க்கத்துக்கு இரண்டு கிளை திறக்கும் அளவுக்கு இந்த வட்டாரத்தில் புண்ணியம் பெருகிவிட்டதா என்பதை அலுவலகம்தான் விளக்க வேண்டும்.

பயணத்தில் முதலில் முடிவு செய்ய வேண்டியது மாதம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஆறு பெருகினால் முகத்துவாரத்தை அறுத்துக்கொண்டு ஓடும். கோடையில் கடல் மணலைத் தள்ளி அதே வாயை அடைக்கப் பார்க்கும். ஆகவே தீவின் நீளமும் வடிவமும் கோப்பில் நிரந்தரமாகவும் தரையில் தற்காலிகமாகவும் உள்ளன. தை, மாசி உத்தமம். ஆடி வெள்ளிக்கிழமைகளில் போகிறவர்கள் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் கோவில் கூட்டத்தைக் கணக்கில் வைக்க வேண்டும். அங்கே தேர்த் திருநாளில் பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்த வழக்கம் இன்று துணைநிலை ஆளுநர் கையில் தொடர்கிறது. இந்தக் கரைக்கு அலுவலகம் பெயராகச் சூட்டும் ரிவியேரா, அதாவது பிரான்ஸின் மத்தியதரைக் கடற்கரை, அதன் சுற்றுலாக் கையேடு எதிலும் இதற்கு இணையான காட்சி கிடையாது. உள்ளூர்ச் சரக்கு என்பதால்தானோ என்னவோ, விளம்பரங்களில் அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது கிழமை. சனி, ஞாயிறு ஆகாது. அன்றைக்குச் சென்னை, பெங்களூரு வண்டிகள் கடலூர் ரோட்டில் ஒன்றின் வாலை ஒன்று மோந்தபடி நகரும். முதலியார்பேட்டை தாண்டி, மரப்பாலம் சிக்னலில் நின்று, முருங்கப்பாக்கம் கடப்பதற்குள் பயணத்தின் உற்சாகம் பாதி கரைந்திருக்கும். காலையிலேயே கிளம்பிவிடுவது நல்லது. திட்டில் கீற்றுக் குடையைத் தவிர நிழல் இல்லை. உச்சிவெயிலில் மணல் பாதத்தைப் பொரித்துவிடும். பொழுது சாயுமுன் கடைசிப் படகைப் பிடித்தாக வேண்டும்.

படகில் ஏறியதும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை. முந்தைய பயணியின் வியர்வை காயாத பட்டை கழுத்தில் ஈரமாக ஒட்டும்போது அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு செல்ஃபி எடுக்கத் தோன்றும். கூடாது. கடலில் இறங்குவது பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மத்தியதரைக் கடல் மூன்று கண்டங்களுக்கு நடுவில் அடைபட்டுக் கிடப்பது. வங்கக் கடல் தெற்கே திறந்தே கிடக்கிறது. எங்கோ கிளம்பிய அலை இங்கே வந்து அறையும். ஆறு கடலில் விழும் இடத்தில் இழுப்பும் சேர்ந்துகொள்ளும். இடுப்பளவு நீரிலும் கால் வாரும். ரிவியேரா என்று பெயர் வைத்ததால் கடல் அடங்கிவிடவில்லை.

நகரத்துக் கடற்கரையை விட்டுவிட்டு மணலுக்காக 8 கிலோமீட்டர் ஏன் போக வேண்டும் என்று வெளியூர்க்காரர் கேட்கக்கூடும். இந்தக் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980களில் துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள் அந்த மணலைத் தெற்கிலேயே நிறுத்திவிட்டன. நகரின் மணற்பரப்பு கரைந்து, கடற்கரைச் சாலையை ஒட்டிக் கருங்கல்லைக் கொட்ட வேண்டியதாயிற்று. 2018இல் கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகுதான் கொஞ்சம் மணல் திரும்பியது. அசல் ரிவியேராவில் உள்ள நீஸ் நகரக் கடற்கரையும் கூழாங்கல்தான். கல் விஷயத்தில் மட்டும் அலுவலகத்தின் ஒப்பீடு துல்லியமானது.

இனி தீவுக்கு வருவோம். சங்கராபரணி ஆறு கடலை நெருங்கும்போது இரண்டாகப் பிரிகிறது. வடகிளை அரியாங்குப்பம் ஆறு, தென்கிளை சுண்ணாம்பாறு. இரண்டு கிளைக்கும் கடலுக்கும் நடுவே அரியாங்குப்பம், வீராம்பட்டினம், நோணாங்குப்பம் எல்லாம் உள்ள நிலம் நாலா பக்கமும் தண்ணீர் சூழ்ந்தது. அதாவது, பயணி அரியாங்குப்பம் பாலத்தைக் கடந்தபோதே தீவுக்குள் வந்துவிட்டார். டிக்கெட் கேட்க யாரும் இல்லாததால் கவனிக்கவில்லை.

இந்தத் தீவின் வட விளிம்பில், காக்காயன்தோப்பில், ஒரு காலத்தில் ரோம வணிகம் நடந்த துறைமுகமான அரிக்கமேடு இருக்கிறது. 1937இல் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் கண்ணில் பட்டது. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். பின் கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி. இத்தாலியின் அரெட்சோ பாணிச் சிவப்புத் தட்டுகள் கிடைத்தன. ஒலிவ எண்ணெயும் மீன்சாறும் வந்த ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. கருவாட்டுக்குப் பேர்போன கரைக்கே மீன்சாற்றை அனுப்பி வைத்த ரோம வணிகனின் தைரியத்தைப் பாராட்டத்தான் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், மது வந்த ஆம்போரா ஜாடிகள். அவற்றில் பெரும்பங்கு கோஸ் வகை. அதை அடையாளம் காண்பது எளிது: இரண்டு விரலை ஒட்டி வைத்தாற்போல் இரட்டைத் தண்டாகக் கைப்பிடி இருக்கும். கோஸ் என்பது ஏஜியன் கடலில் உள்ள ஒரு சின்னத் தீவு. மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் பிறந்த ஊர். அந்தத் தீவின் மதுவில் அக்காலத்தில் கடல்நீர் கலப்பார்கள்.

ஆக, அலுவலகம் தேடிக்கொண்டிருக்கும் மத்தியதரைக் கடல் தீவு ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே, துண்டு துண்டாக, இங்கே வந்து இறங்கிவிட்டது. அதுவும் சரக்காகவே வந்தது. வெளியூரிலிருந்து சரக்கு வாங்கப் புதுச்சேரிக்கு வருவது இன்றைய வழக்கம். அன்றைக்கு வெளியூரே சரக்கைக் கொண்டுவந்து கொடுத்தது. எகிப்திலிருந்து ஆடிக் காற்றுக்குக் கிளம்பிய கப்பல்கள் இந்தியா வந்து, திரும்பும் காற்றுக்காகக் காத்திருந்து, ஊர் போய்ச் சேர ஏறக்குறைய ஓராண்டு ஆனது. ஒரு நாள் பயணம் என்ற ஏற்பாடு அவர்களிடம் இல்லை.

இன்றைக்கு அரிக்கமேட்டில் பார்க்கக் கிடைப்பது மாமரங்களும், ஆற்றங்கரையும், இரண்டு பழைய செங்கல் சுவர்களும். ரோமச் சுவர் என்று நம்பிப் பலரும் அதன் முன் நின்று படம் எடுக்கிறார்கள். அது 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டியது. புதுச்சேரியில் அசல் பிரெஞ்சுக் கட்டடம் ஒன்றை மக்கள் வேறு நாட்டுடையது என்று நினைப்பது இங்கே மட்டும்தான். தோண்டி எடுத்த பொருள்களில் ஒரு பகுதியை நகரத்து அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். மணல்திட்டுக்குப் போய்வந்த களைப்பில் அதற்கு நேரம் இருப்பதில்லை.

எனவே திட்டம் வருமாறு மாற்றப்படுகிறது. காலையில் அரிக்கமேடு, பதினோரு மணிக்குள் அருங்காட்சியகம், வெயில் தாழ்ந்ததும் ஆசைக்கு ஒருமுறை படகு. பாரடைஸ், ஈடன், ரிவியேரா ஆகிய பெயர்களை அலுவலகமே வைத்துக்கொள்ளட்டும், ஆட்சேபணை இல்லை. நோணாங்குப்பத்தில் படகுக்கு வரிசையில் நிற்கும் இடத்தில் மட்டும் ஒரு பலகை வேண்டும். அதில் தமிழில் இரண்டு வரி போதும்: நீங்கள் நிற்பதே தீவு. அரிக்கமேடு வடக்கே, அடுத்த ஆற்றங்கரையில்.

இப்படிக்கு,
வரிசையில் நிற்கும் பொதுமக்கள்