குரூப் மாமா

பத்தாவது ரிசல்ட் ஒன்பது மணிக்கு என்றால் எட்டே முக்காலுக்கே குரூப் மாமா கேட்டைத் திறந்துகொண்டு வந்துவிடுவார். வெள்ளை வேட்டி, பாக்கெட்டில் இரண்டு பேனா, கக்கத்தில் கணக்குப்பிள்ளை எழுதுகிற மாதிரி ஒரு நீள நோட்டு. யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். கூப்பிட்டு வருவதற்கு அவர் என்ன பிளம்பரா?

கோயம்புத்தூரில் எங்கள் தெருவுக்கு அவர் பொது மாமா. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். அவருக்கு வேட்டிக்குப் பதில் பேண்ட் இருக்கலாம், நோட்டுக்குப் பதில் செல்போனில் எக்செல் ஷீட் இருக்கலாம். சரக்கு ஒன்றுதான்.

“என்ன கண்ணு, மேத்ஸ்ல எவ்வளவு?” இதுதான் முதல் கேள்வி. பாஸா ஃபெயிலா என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டே இல்லை. பையன் மார்க்கைச் சொன்னதும் கண்ணை மூடி ஏதோ கணக்குப் போடுவார். வலது கை மட்டும் பக்கத்தில் இருப்பவரின் சட்டை முனையைப் பிடித்து விரலிடுக்கில் தேய்த்துக்கொண்டே இருக்கும். மில் ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் கணக்கு எழுதியவர். அவருடைய அப்பா அதே மில்லில் தறி ஓட்டியவர். பேச்சின் நடுவே சம்பந்தமே இல்லாமல், “அறுபதாம் நம்பர் நூலு. எங்க எடுத்தீங்க?” என்பார். பிறகு கண்ணைத் திறந்து, “சரி, ஃபர்ஸ்ட் குரூப்பே போட்டுருங்க” என்று தீர்ப்புச் சொல்வார்.

குரூப்புகளுக்கு அவர் மனசில் ஒரு வரிசை உண்டு. உயிரியலும் கணக்கும் சேர்ந்த ஃபர்ஸ்ட் குரூப் கருவறை. டாக்டர், இன்ஜினியர் இரண்டு கதவும் அங்கிருந்துதான் திறக்கும். கம்ப்யூட்டர் சயின்ஸ் அர்த்த மண்டபம். கணக்கில்லாத ப்யூர் சயின்ஸ் வெளிப்பிரகாரம். காமர்ஸ் கோபுர வாசல். அங்கே நிற்பவர்களிடம், “போச்சாது விடு, பேங்க் பரீட்சை எழுதிக்கலாம்” என்று ஆறுதல் சொல்வார். வொகேஷனல் என்று வந்துவிட்டால் குரலைத் தாழ்த்திக்கொள்வார், பெண் பார்க்கப் போன வீட்டில் வலிப்பு நோயைப் பற்றி விசாரிக்கிற மாதிரி. எலக்ட்ரிகல், மெக்கானிக்கல், ஆட்டோமொபைல், விவசாயம், ஆடை வடிவமைப்பு என்று தொழிற்கல்விப் பிரிவில் பாடங்கள் வரிசையாக இருப்பது அவருக்கும் தெரியும். நோட்டில் மட்டும் அதற்குப் பக்கம் கிடையாது.

இத்தனைக்கும் தமிழ்நாட்டில் 1978-ல் பி.யூ.சி. போய் பிளஸ் டூ வந்தபோதே தொழிற்கல்வியும் கூடவே வந்துவிட்டது. அந்த முதல் செட்டில் படித்தவர் மாமா. “1980-ல பிளஸ் டூ பரீட்சையை மொதமொதல்ல எழுதினது நாங்கதான். எங்களை வெச்சுத்தான் கவர்மென்ட் டெஸ்ட் பண்ணுச்சு” என்பார், தடுப்பூசிக்குத் தோளைக் காட்டியவர் போல. அவர் எடுத்தது காமர்ஸ். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “அன்னைக்கு எங்களுக்குச் சொல்றதுக்கு ஆள் இல்லீங்க” என்றார். சொல்ல ஆள் இருந்தவர்களின் கதி என்ன ஆனது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. ஏனென்றால் அவர்களில் நானும் ஒருவன்.

எனக்குப் படம் வரையப் பிடிக்கும். அரசு தொழில்நுட்பத் தேர்வில் ஃப்ரீஹேண்ட் டிராயிங் லோயர் பாஸ் பண்ணி, ஹையருக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். மாமா என் டிராயிங் நோட்டைப் புரட்டிவிட்டு, “கை நல்லா ஓடுதுங்க. பயாலஜி ரெக்கார்டுக்கு உதவும்” என்று ஃபர்ஸ்ட் குரூப்பில் தள்ளிவிட்டார். அவர் சொன்னது பொய்யாகவில்லை. இரண்டு வருஷம் கரப்பான்பூச்சியின் உணவுக்குழலை என்னைப் போல் வரைந்தவர் எங்கள் பள்ளியில் கிடையாது. அதை அறுக்கச் சொன்னபோதுதான் மயக்கம் வந்தது.

மாமாவின் ஞானத்துக்குப் பருவம் உண்டு. 1999-ல், “ஒய்-டூ-கே வருது, கம்ப்யூட்டர்தான்” என்றார். இரண்டு வருஷத்தில் அமெரிக்கா போன பையன்கள் பெட்டியோடு திரும்பி வந்து இறங்க, “நான் அப்பவே சொன்னேன், மெக்கானிக்கல்தான் எவர்கிரீன்” என்றார். அப்பவே சொன்னது எப்போது என்று யாரும் கேட்பதில்லை. நடுவில் கொஞ்ச நாள் சிவில் ஓடியது. இப்போது ஏ.ஐ. அது என்ன என்று கேட்டால், “அது வந்து, எல்லாத்தையும் அதுவே பண்ணிரும்” என்பார். எல்லாவற்றையும் அதுவே பண்ணிவிட்டால் படித்த பையன் என்ன பண்ணுவான் என்பது அடுத்த வருஷ நோட்டில் வரும் போல.

அரசாங்கம் அவரைப் படுத்திய பாடு தனிக்கதை. நுழைவுத்தேர்வு இருந்த காலத்தில் இன்ஜினியரிங் கட்-ஆஃப் முந்நூறுக்கு. கணக்குக்கு நூறு, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது, நுழைவுத்தேர்வுக்கு நூறு. அதை மனசிலேயே தசம ஸ்தானம் வரை போடுவார். 2007-ல் நுழைவுத்தேர்வு போய் கட்-ஆஃப் இருநூறானதும் மூன்று நாள் வெளியே வரவில்லை. நாலாம் நாள் புது நோட்டோடு வந்தார். அப்புறம் பிளஸ் டூ மொத்த மார்க் ஆயிரத்து இருநூறிலிருந்து அறுநூறாயிற்று. இன்றும் யாராவது ஐந்நூற்றைம்பது என்றால், “ஆயிரத்து நூறு, பரவால்ல” என்று இரண்டால் பெருக்கித்தான் அவரால் சந்தோஷப்பட முடியும். 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தபோது வருஷத்துக்கு ஒரு ரிசல்ட் கூடுதலாகக் கிடைத்தது அவருக்கு. 2025-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். “பசங்களுக்குப் பயமே இல்லாம போயிருமுங்க” என்றார். பசங்களுக்குப் பயம் போனதைப் பற்றியது அல்ல அந்த வருத்தம்.

எல்லா வழக்குக்கும் அவர் கூப்பிடும் சாட்சி ஜி.டி. நாயுடு. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர், பஸ் ஓட்டியவர், 1937-ல் இந்த ஊரில் மின்மோட்டார் செய்து காட்டியவர். “பார்த்தீங்களா, மூளை இருந்தா எங்கயும் ஜெயிக்கலாம். அதனால ஃபர்ஸ்ட் குரூப்பே போட்டுருங்க.” நடுவில் ஏதோ ஒரு படி விட்டுப்போன மாதிரி எனக்குத் தோன்றும். லேத் பட்டறையும் பம்ப்செட்டும் ஃபவுண்டரியும் கிரைண்டரும் வைத்துப் பிழைக்கிற ஊர் இது. மாமா வீட்டு மாவரைக்கிற கிரைண்டர்கூட நாலு தெரு தள்ளிச் செய்ததுதான். அதைச் செய்யக் கற்றுக்கொள்ள ஒரு பையன் கேட்டால், “அதுக்குன்னு ஆளுங்க இருக்காங்களே கண்ணு” என்பார். அந்த ஆளுங்க எந்தத் தெருவில் பிறக்கிறார்கள் என்று கேட்டால் பேச்சு மாறிவிடும்.

இந்த வருஷம் அவருக்கு வாய்த்தவள் எதிர்வீட்டுப் பெண். அப்பா கணபதியில் ஒரு ஜாப் ஒர்க் ஷெட்டில் லேத் ஓட்டுகிறார். கணக்கில் தொண்ணூற்றொன்று. மாமா நோட்டைப் பிரித்துவிட்டார்.

“அம்மிணி, கம்ப்யூட்டர் சயின்ஸா, பயோ மேத்ஸா?”

“டெக்ஸ்டைல்ஸ் அண்ட் டிரெஸ் டிசைனிங் மாமா. எங்க ஸ்கூல்லயே இருக்குது.”

“அது வொகேஷனல் கண்ணு.”

“ஆமாங்க மாமா.”

“தையலு படிக்கறதுக்கு எதுக்கு பிளஸ் டூ? லீவுல கத்துக்கலாமே?”

அவள் வாதாடவில்லை. உள்ளே போய்த் தன் யூனிஃபார்ம் சுடிதார் டாப்பை எடுத்து வந்து காட்டினாள். பக்கவாட்டுத் தையலைப் பிரித்து உள்ளே ஒரு பாக்கெட் வைத்திருந்தாள். பஸ் காசும் ஒரு பேனாவும் உள்ளே கிடப்பது வெளியே தெரியவே இல்லை. கிளாஸில் பதினேழு பேருக்கு இதே மாதிரி தைத்துக் கொடுத்தாளாம், ஆளுக்கு முப்பது ரூபாய்.

மாமா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். பிளஸ் டூ முடித்து நிஃப்ட் பரீட்சை எழுதப் போவதாக அவள் சொன்னதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். “தரமணியில இருக்குதே, அந்த டிசைன் காலேஜா? அத மொதல்லயே சொல்ல வேண்டாமா!” ஊசியும் நூலும் அதேதான். தமிழில் சொன்னால் தையல், அதனால் பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகும். இங்கிலீஷில் சொன்னால் டிசைன், மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லலாம்.

“அதுக்கு எந்த குரூப் வேணும்?”

“எந்த குரூப் படிச்சிருந்தாலும் எழுதலாம் மாமா.”

அவர் முகம் விழுந்துவிட்டது. என்ன குரூப் என்று கேட்காத பரீட்சையும் ஒரு பரீட்சையா? பேனாவை மூடினார். பாலிடெக்னிக் பக்கம் போனால் என்ன என்று கடைசி அம்பை விட்டார். அதுவரை வாயே திறக்காத அப்பா, “வொகேஷனல் முடிச்சாலும் பாலிடெக்னிக்ல நேரா செகண்ட் இயர் சேரலாமுங்க. எங்க ஷெட்ல ஒரு பையன் அப்படித்தான் போனான்” என்றார். மாமா காபியைக் குடித்து முடித்து, “யோசிச்சுச் செய்யுங்க” என்று எழுந்தார். தோற்றதாக ஒப்புக்கொள்ளாமல் எழுந்திருப்பதற்கு அவரிடம் உள்ள ஒரே வாக்கியம் அது.

பொங்கல் லீவில் அந்த வீட்டில் அவரைப் பார்த்தேன். ஊஞ்சலில் உட்கார்ந்து அந்தப் பெண்ணின் ரெக்கார்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துக்கு ஒரு துண்டுத் துணி ஒட்டியிருந்தது: ஓட்டுத் தையல், ஹெம்மிங், காஜா, பிளீட், விதவிதமான கழுத்து வெட்டு. நாலைந்து பக்கம் சும்மா தள்ளியவர் ஒரு ஹெம்மிங் துண்டில் நின்றார். விரல் தானாகப் போய்த் துணியைத் தேய்த்தது. பிறகு யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். துண்டின் ஓரத்தை மெல்லத் தூக்கி, அடிப்பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார்.

“முடிச்சு மறைச்சுட்டயே. எங்கப்பா அடிப்பக்கத்தைத்தான் மொதல்ல பார்ப்பாரு” என்றார். அவளிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. கொஞ்ச நேரம் ஊஞ்சல் ஆடவில்லை.

அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார்.

“சரி அம்மிணி, இதுக்கெல்லாம் கட்-ஆஃப் எப்படிப் போடறாங்க?”