வாலி ஊருக்கு ஒரு வேலி

திருச்சி - சென்னை நெடுஞ்சாலையை இரண்டு பக்கமும் வேலி போட்டு அடைத்து, குறிப்பிட்ட இடங்களில் மட்டும் ஏறி இறங்கும்படி மாற்றினால் எங்கள் கதி என்ன?
*- டீக்கடைக்காரர், வாலிகண்டபுரம்*

உங்கள் கடைக்கு யார் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. பெங்களூரு - மைசூரு சாலையில் இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். 118 கிலோமீட்டர். 2023 மார்ச் 12 அன்று பிரதமர் திறந்து வைத்தார். நடுவில் ஆறு வழி, வேகமாகப் போகிறவர்களுக்கு. இரண்டு ஓரத்திலும் இரண்டிரண்டு வழி சர்வீஸ் ரோடு, ஊர்க்காரர்களுக்கு. பிடதி, ராமநகரம், சென்னபட்டணம், மத்தூர், மண்டியா எல்லாவற்றையும் பைபாஸில் ஒதுக்கிவிட்டார்கள். மைசூரு போகிறவர் மத்தூரில் இறங்கி வடை தின்பதும், சென்னபட்டணத்தில் பிள்ளைக்கு மரப்பொம்மை வாங்குவதும் அந்த வழியில் கிட்டத்தட்ட சடங்கு. சாலை திறந்ததும் சடங்கு நின்றது. வியாபாரம் படுத்துவிட்டதென்று கடைக்காரர்கள் புலம்பினார்கள்.

சென்னைக் கார்களை நம்பி நீங்கள் பாய்லர் ஏற்றியிருந்தால், கவலைப்பட வேண்டியதுதான். பெரம்பலூர் டவுன் பஸ்ஸும் ஊர் ஜனமும்தான் வாடிக்கை என்றால், அவர்கள் சர்வீஸ் ரோட்டில்தான் வந்தாக வேண்டும். கடை அதைப் பார்த்து இருக்கிறதா என்று பாருங்கள்.

எக்ஸ்பிரஸ் சாலையில் பைக்கை விடமாட்டார்களாமே?
*- கல்லூரி மாணவர், பெரம்பலூர்*

விடமாட்டார்கள். மைசூரு சாலையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக், ஆட்டோ, டிராக்டர் எதுவும் நடுவழியில் ஏறக்கூடாது. இலங்கையில் 2011இல் திறந்த தெற்கு அதிவேகப் பாதையிலும் இதே கதைதான்: மோட்டார் சைக்கிளுக்கும் முச்சக்கர வண்டிக்கும் இடமில்லை. ஆனால் அங்கே காலி நகருக்குப் போகும் பழைய வீதியை அப்படியே விட்டுவிட்டு, புதிதாக வேறு தடத்தில் போட்டார்கள். பைக்காரருக்குப் பழைய ரோடு மிச்சம். மும்பை - புனே விரைவுச் சாலையிலும் பழைய ரோடு பக்கத்திலேயே ஓடுகிறது. இருக்கிற ரோட்டையே மூடும்போதுதான் வம்பு. சர்வீஸ் ரோடு ஓர் இடத்தில் அறுந்தாலும் உங்கள் பைக்குக்கு ஊர் அங்கேயே முடிந்தது.

அப்படியானால் இங்கேயும் புதுசாகவே போட்டுவிடலாமே?
*- பெயர் போடாத வாசகர், தொழுதூர்*

புதுசு என்றால் நிலம். சேலம் எட்டு வழிச்சாலை நினைவிருக்கிறதா? 2018இல் கல் நட்டார்கள், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்து செய்தது, 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் திட்டம் செல்லும் என்றது. கல் நட்ட வயலில் வாகனம் ஓடியதை இன்றுவரை யாரும் பார்க்கவில்லை. மூடுவதில் நிலம் குறைவு, சண்டை நிறைய. புதுசில் இரண்டுமே நிறைய.

எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்கிறோம். நடுச்சுவர் இடைவெளியை அடைத்தால் டிராக்டர் பறந்தா போகும்?
*- விவசாயி, வாலிகண்டபுரம் பக்கம்*

அடியில் போகும், பாலம் சரியாக இருந்தால். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

திட்ட வரைபடத்தில் உங்கள் ஊருக்கு நேரே ஒரு சின்னக் கட்டம் போட்டு, ஆங்கிலத்தில் மூன்று எழுத்தோ நான்கு எழுத்தோ எழுதியிருப்பார்கள். 'வி.யூ.பி.' என்றால் எல்லா வண்டியும் போகும் சுரங்கப்பாதை, 5.5 மீட்டர் உயரம். முன்னால் ஒரு 'எல்.' சேர்ந்து 'எல்.வி.யூ.பி.' ஆகிவிட்டால் அது கார், வேன், டிராக்டர் தரம், 4 மீட்டர்தான். மக்காச்சோள மூட்டை போகும், சின்ன வெங்காயம் போகும், காலி டிராக்டர் ஜோராகப் போகும். வைக்கோல் போர் மாதிரி ஏற்றிய கரும்பு டிரெய்லர் மேலே இடிக்கும். இல்லையென்றால் நாலு கட்டைக் கீழே உதறிவிட்டுப் போகும். அந்த ஓர் எழுத்தில் உங்கள் அறுவடை மாட்டிக்கொண்டிருக்கிறது. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் 'எங்களுக்கு மேம்பாலம் வேண்டும்' என்று பொதுவாகக் கத்தாதீர்கள். 'எத்தனை மீட்டர்?' என்று கேளுங்கள். மேடையில் இருக்கிறவர் ஃபைலைப் புரட்டுவார்.

அடுத்த கேள்வி: ஐப்பசி மழையில் அந்தப் பள்ளத்துத் தண்ணீர் எங்கே போகும்? 'மோட்டார் வைப்போம்' என்றால், மோட்டாருக்குக் கரண்ட் பில் யார் கட்டுவது என்று கேளுங்கள். ஊராட்சித் தலைவரைப் பார்ப்பார்கள். அவர் கூரையைப் பார்ப்பார்.

நடுச்சுவரை ஊர்க்காரர்களே உடைத்து வழி பண்ணுகிறார்கள். இது திருட்டுத்தனம் இல்லையா?
*- அடிக்கடி காரில் போகிறவர், திருச்சி*

திருட்டுத்தனம்தான். ஆனால் எதிரே தெரிகிற வயலுக்குப் போக, கிலோமீட்டர் கணக்கில் போய் யூ-டர்ன் அடித்து அதே தூரம் திரும்பி வரச் சொல்கிறோம். உடைத்த இடத்தைப் பார்த்தால் எனக்குக் கோபத்தைவிட, எங்கே சுரங்கப்பாதை வந்திருக்க வேண்டும் என்பதுதான் தெரிகிறது. ஊர் ஜனம் செலவில்லாமல் சர்வே எடுத்துக் கொடுத்திருக்கிறது!

எங்கள் ஊர் வாலிக்கும் இந்த ரோட்டுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?
*- வாலீசுவரர் பக்தர்*

வாலி பூசித்த தலம் என்பது ஐதீகம். எதிரே வருகிறவன் பலத்தில் பாதி தனக்கு வந்துவிடும் என்பது அவன் வாங்கிய வரம். அந்த நம்பிக்கையில்தான் சிலர் இன்றும் ராங் சைடில் பைக் ஓட்டுகிறார்கள். எதிரே வருவது அரியலூர் சிமென்ட் லாரி. பலம் பாதி வருவதில்லை, லாரி முழுசாக வருகிறது.

வரலாற்றில் இந்தச் சாலையை யாராவது மூடியிருக்கிறார்களா?
*- ஆசிரியை, வேப்பந்தட்டை*

1751இல் முயற்சி நடந்தது. சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் ஒரு பக்கம், முகமது அலியும் ஆங்கிலேயரும் மறுபக்கம். நடுவழியில் ஒரு கோட்டை. இரண்டு தரப்பும் கோட்டைக்காரரிடம் பேரம் பேச, அவர் யாருக்கும் சட்டென்று கதவைத் திறக்கவில்லை. ஆங்கிலேயப் படை திருச்சியை நோக்கிப் பின்வாங்கியது. 'வாலிகொண்டா போர்' என்று பிரிட்டிஷார் எழுதிவைத்தது இதைத்தான். பக்கத்து ரஞ்சன்குடிக் கோட்டையை இந்தப் போரோடு சேர்த்துச் சொல்வார்கள். ஆக, வழிமறித்துப் பேரம் பேசும் கலை இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. இப்போது அதற்கு ஃபாஸ்டேக் ஒட்டியிருக்கிறோம்.

டோல் கூடுமா, குறையுமா?
*- வாடகைக் கார் ஓட்டுநர், பெரம்பலூர்*

இப்போது திருமாந்துறையிலோ சமயபுரத்திலோ கேட்டைத் தாண்டினால்தான் காசு. இடையிலேயே ஏறி இடையிலேயே இறங்கினால் இலவசம். முழுக்க மூடிய சாலையில் ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் கணக்கு வைத்து, ஓடின தூரத்துக்கு வசூலிப்பார்கள். சென்னைக்காரருக்கு நியாயம். தினம் பெரம்பலூர் போய்வருகிறவருக்குப் புதுச் செலவு, சர்வீஸ் ரோடு இருந்தால் தவிர.

சமயபுரத்துக்குப் பாதயாத்திரை போகிறோம். வேலி போட்டால் மாரியம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாளா?
*- மாலை போட்டவர், மங்களமேடு*

மாரியம்மனுக்கு முன்னால் சட்டம் கோபித்துக்கொள்ளும். 2002ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் கட்டுப்பாட்டுச் சட்டம், 28ஆம் பிரிவு: ஐந்து பேரோ அதற்கு மேலோ கூட்டமாக நடந்து நெடுஞ்சாலையில் வர, அனுமதி இல்லாமல் உரிமை கிடையாது. வேலி இல்லாத இன்றைய சாலைக்கே இதுதான் சட்டம். நான்கு நான்கு பேராகப் பிரிந்து போங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. இருட்டில் லாரிக்கு அந்தக் கணக்கு தெரியாது. சர்வீஸ் ரோட்டை ஒட்டி நடைபாதையும் விளக்கும் கேளுங்கள். திங்களும் வெள்ளியும் சிறுவாச்சூர் மதுரகாளியம்மனுக்குக் கூடும் கூட்டத்துக்கும் இதே தேவைதான்.

இவ்வளவு வம்பு எதற்கு? இருக்கிறபடி விட்டுவிடலாமே?
*- ஓய்வு பெற்ற கண்டக்டர், பெரம்பலூர்*

அண்ணே, விட முடியாது. நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலை 2 சதவீதம் அளவுதான். 2022இல் சாலையில் செத்த 1,68,491 பேரில் 61,038 பேர் அந்த 2 சதவீதத்தில் செத்தார்கள். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் நம் மாநிலம்தான் முதலிடம், 64,105. நூறில் வரும் காரும் ஐம்பதில் வரும் லாரியும் இருபதில் வரும் டிராக்டரும் தலையில் புல்லுக்கட்டோடு கடக்கும் அம்மாவும் ஒரே தாரில் இருக்கக் கூடாது. பிரிக்கத்தான் வேண்டும்.

என் சண்டை வரிசையைப் பற்றி. நம் ஊரில் முதலில் வேகத்தைத் திறப்பார்கள், அப்புறம் சாவு விழும், அப்புறம் நடைமேம்பாலம் வரும். மைசூரு சாலையிலும் விபத்துகளுக்குப் பிறகுதான் பைக்குக்குத் தடையும் கேமராவும் வந்தன. சர்வீஸ் ரோடு, சுரங்கப்பாதை, பஸ் நிற்க இடம், விளக்கு இவை எல்லாம் ஓடத் தொடங்கி ஒரு மழைக்காலம் தாண்டட்டும். அதற்குப் பிறகு வேலிக்குக் கம்பி நடலாம்.

ரோட்டோரம் இரண்டு ஏக்கர் வைத்திருக்கிறேன். இப்போதே பிளாட் போட்டால் அள்ளிவிடலாமா?
*- அவசரக்காரர், பெரம்பலூர்*

மூடிய சாலையில் ரோட்டோர நிலத்துக்கு ரோடு கண்ணுக்கு மட்டும்தான் சொந்தம். ஏறி இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் விலை ஏறும். மற்ற இடத்தில் சர்வீஸ் ரோட்டு விலைதான். நிலமே சாலைக்குத் தேவை என்று '3ஏ' அறிவிப்பு வந்துவிட்டால் ஆட்சேபம் சொல்ல 21 நாள்தான். தினமும் பேப்பரில் ராசி பலனுக்கு முன்னால் அந்தப் பொடி எழுத்து விளம்பரத்தைப் படியுங்கள்.