தச்சர் கட்டிய ஐரோப்பா

ஜப்பானியக் கட்டடக்கலையில் ‘கியோஃபூ’ என்றொரு சொல் உண்டு. ‘கி’ என்றால் பாவனை, ‘யோ’ கடல், அதாவது கடலுக்கு அப்பாலுள்ள மேல்நாடு, ‘ஃபூ’ பாணி. மெய்ஜி காலத் தச்சர்கள் ஐரோப்பியக் கட்டடங்களைப் பார்த்துப் பார்த்துக் கட்டியவற்றுக்குப் பின்னாளில் வந்த பெயர். தன் வேலைக்குத் தானே ‘போலி’ என்று யார் பலகை மாட்டுவார், பாவம்!

மட்சுமோட்டோ ஊரின் கைச்சி பள்ளியையே (1876) எடுத்துக்கொள்ளுங்கள். தலைமைத் தச்சர் தடெய்ஷி செய்ஜூ தோக்கியோ, யோக்கோஹாமா போய் நோட்டம் விட்டு வந்து கட்டினார். மூலையில் கருங்கல் போலத் தெரிவது சாந்துப் பூச்சு. முகப்பில் பள்ளியின் பெயரை இறக்கை முளைத்த தேவதைகள் ஏந்தியிருக்க, அவர்களுக்குக் கீழே ஒரு டிராகன் நெளிகிறது. ஐரோப்பாவில் தேடினாலும் கிடைக்காத ஐரோப்பா! 2019-இல் அரசு அதைத் தேசியப் பொக்கிஷமாக்கியது; ‘பாவனை’ப் பட்டத்தை மட்டும் யாரும் கழற்றவில்லை.