காலி சேனலில் ஒரு பயணம்

கேள்வி: உரிமம் பெற்றவரின் அலைவரிசையை மற்றவரும் பகிர்ந்துகொண்டால், தகவல் ஒழுங்காகப் போய்ச் சேருமா?

பதில்: சேரும். ரிசர்வேஷன் இல்லாமல் காலி சீட்டில் உட்கார்ந்தவர், டிக்கெட்காரர் வந்ததும் எழுந்துவிட வேண்டும், அவ்வளவுதான்! அமெரிக்காவில் தொலைக்காட்சியின் காலி சேனல்களை 2008-ல் இப்படித் திறந்துவிட்டார்கள். இதற்கென 2011-ல் வந்த 802.22 என்ற கம்பியில்லாத் தொடர்புத் தரத்தின்படி, உரியவரின் சிக்னல் தெரிந்ததும் 2 நொடிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும்.

அதனால், தகவல் கருவிக்குக் கருவி தாவிப் போகும் இத்தகைய வலையமைப்பில், குறுக்கு வழிதான் நல்ல வழி என்ற கணக்கு எடுபடாது. மூன்றே தாவலில் முடியும் பாதையில் ஒரு சேனல் அடிக்கடி பறிபோனால், ஐந்து தாவல் எடுக்கும் அமைதியான பாதைதான் முந்தும். என்னைக் கேட்டால், மாற்றுப் பாதையை முன்கூட்டியே தயாராக வைப்பதற்குத்தான் அதிகம் மெனக்கெட வேண்டும். சேனல் மாறும் அந்த நேரத்தில்தான் தகவல் பாக்கெட்டுகள் தொலைகின்றன.